மின்சாரம் வந்தும் எழாத பிணையம்

மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்

மின்தடை திருப்பூர்வாசிகளுக்குப் புதிதன்று. மின்சாரம் போய் வந்ததும் நிட்டிங் எந்திரம் தானாக ஓடுவதில்லை. ஒருவர் சென்று பொத்தானை அழுத்த வேண்டும். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய விவசாயியோ நள்ளிரவில் மின்சாரம் வந்தாலும் நிம்மதியாக உறங்குகிறார். கணினி உலகிலும் இதே வேறுபாடு உண்டு. அதனை அறியாததால் ஏற்படும் ஒரு தொல்லையையும் அது தீரும் வழியையும் இங்கு விளக்க முற்படுகிறேன்.

ஒன்றுக்குள் பல

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குவது இன்று சாதாரணம். லினக்ஸில் இதற்கு உதவும் கே.வி.எம். என்னும் வசதி, 2007-இல் வெளியான 2.6.20 கெர்னலில் சேர்க்கப்பட்டது. இவற்றை மேய்ப்பது லிப்விர்ட் என்னும் மென்பொருள். அது 'டீஃபால்ட்' என்ற பெயரில் ஓர் உட்பிணையத்தையும் அமைத்துத் தருகிறது. தாய்க் கணினிக்குள் விர்பிஆர்0 என்னும் கண்ணுக்குத் தெரியாத ஸ்விட்ச் ஒன்று தோன்றும். அதன் முகவரி 192.168.122.1. டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு நிரல் மெய்நிகர் கணினிகளுக்கு முகவரிகளை வழங்கும்.

இப்பிணையம் எழாவிடில், அதனை நம்பிய மெய்நிகர் கணினியும் எழாது. 'டீஃபால்ட் பிணையம் இயங்கவில்லை' என்ற பிழைச் செய்தியே கிட்டும். கணக்கு மென்பொருள் அதற்குள் இருந்தால் பில் போட இயலாது. ஏற்றுமதிச் சரக்கு வாசலிலேயே நிற்கும். கல்லூரி ஆய்வுக்கூடமாயின், செய்முறைத் தேர்வே தடைப்படும்.

நோய் நாடும் முறை

முதலில் 'சூடோ விர்ஷ் நெட்-லிஸ்ட் --ஆல்' என்ற கட்டளையை இடுக. 'சூடோ' இன்றிச் சாதாரணப் பயனராக இட்டால், பெரும்பாலும் அப்பயனரின் தனிப் பட்டியலே வரும். அது வெறுமையாக இருக்கக் கண்டு, பிணையமே அழிந்தது என்று அஞ்ச வேண்டாம்.

பட்டியலில் 'ஆட்டோஸ்டார்ட்' என்ற பத்தியில் 'நோ' என்றிருந்தால் காரணம் தெளிவு. 'நெட்-ஸ்டார்ட் டீஃபால்ட்' அப்போதைக்கு மட்டும் இயக்கும். 'நெட்-ஆட்டோஸ்டார்ட் டீஃபால்ட்' இனி எப்போதும் இயக்கச் சொல்லும். முன்னது பொத்தானை அழுத்துவது. பின்னது ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்துவது. மெய்நிகர் கணினிக்கு இடும் ஆட்டோஸ்டார்ட் குறி வேறு, பிணையத்துக்கு இடும் குறி வேறு என்பதையும் மறத்தலாகாது.

'பெர்சிஸ்டென்ட்' பத்தியில் 'நோ' என்றிருந்தால் அது தற்காலிகப் பிணையம். அதற்கு இக்குறியை இட இயலாது. 'நெட்-டிஃபைன்' மூலம் முதலில் நிலையானதாக்க வேண்டும்.

குறி இருந்தும் எழவில்லையா?

பலர் திகைப்பது இங்கேதான். குறியைப் படித்துச் செயல்படுத்த ஒரு சேவை நிரல் வேண்டும். பழைய அமைப்பில் அது லிப்விர்ட்டி. 2021-இல் வந்த ஃபெடோரா 35 முதலிய புதிய அமைப்புகளில் பிணையத்துக்கென்றே விர்ட்நெட்ஒர்க்டி என்ற தனிச் சேவை உள்ளது. இச்சேவையின் 'சாக்கெட்' மட்டும் இயக்கப்பட்டிருந்தால், அது கதவைத் தட்டினால் மட்டுமே எழும் காவலாளி போன்றது. யாரேனும் கட்டளை இட்டதும் விழித்துக்கொண்டு பிணையத்தை எழுப்பும், "நான் பார்க்கும்போது சரியாகத்தானே இருக்கிறது!" என்று நம்மை ஏமாற்றவும் செய்யும். 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கட்டளையால் சேவையையும் தொடக்கத்திலேயே இயங்கச் செய்வதே தீர்வு.

சேவை இயங்கியும் பிணையம் எழாவிடில் 'ஜர்னல்சிடிஎல்' பதிவேட்டைப் படிக்க வேண்டும். இரு காரணங்கள் அடிக்கடி காணப்படும். வேறொரு பெயர்த்தீர்வு நிரல் 53-ஆம் வாயிலை முன்னரே பிடித்திருக்கலாம். அல்லது அலுவலகப் பிணையமும் 192.168.122 என்றே தொடங்கி, முகவரிகள் மோதலாம். பின்னதற்கு 'நெட்-எடிட்' மூலம் உட்பிணையத்தின் எண்ணை மாற்றினால் போதும்.

முடிவுரை

இவற்றைச் செய்தபின், ஓய்வான நேரத்தில் சர்வரை நாமே ஒருமுறை மறுதொடக்கம் செய்து சோதிக்க வேண்டும். அப்போது எந்தக் கட்டளையும் இடாமல், மெய்நிகர் கணினி பதிலளிக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்ப்பதே சரியான சோதனை. எல்லாப் பிணையங்களுக்கும் இக்குறி தேவையில்லை. பரிசோதனைக்கு அமைத்தவை உறங்கட்டும். எது தானாக எழ வேண்டும், எது ஆள் வந்து எழுப்பும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்தால், அடுத்த மின்தடை நம்மை அலைக்கழிக்காது.