எஞ்சினுக்கு மட்டும் பலம் கூட்டினால் போதுமா?

மயிலிறகு கனமற்ற பொருள். ஆயினும் அதையே அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் திருவள்ளுவர் எடுத்துரைக்கிறார். மாட்டு வண்டியைக் காட்டிச் சொல்லப்பட்ட இவ்வுண்மை இன்றைய மோட்டார் காருக்கும் பொருந்துகிறது. எங்ஙனம் எனக் காண்போம்.

எஞ்சினில் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்றை மிகுதியாகச் செலுத்தினால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றலும் பெருகும். வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனுடன் இணைந்த மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவிக்கு 'டர்போசார்ஜர்' என்று பெயர். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார்.

டர்போ பொருத்திய காரின் ஆற்றலைக் கூட்டுவது பெரிய காரியமன்று. எஞ்சினை ஆளும் கணிப்பொறியின் கட்டளைகளை மாற்றினாலே காற்றழுத்தம் உயரும். முறுக்கு விசையும் உயரும். வேகத்தில் மோகம் கொண்டோர் பல நாடுகளில் இதனைச் செய்கின்றனர். ஆனால் எஞ்சினுக்கு அடுத்து நிற்கும் கிளட்ச், கியர் பெட்டி, கிரவுன் பினியன், ஆக்சில் ஆகியவை பழைய விசைக்கு அளந்து செய்யப்பட்டவை அல்லவா? அவற்றின் கதி என்ன?

விசை பெருகும் விதம்

ஓர் எளிய கணக்குப் போடுவோம். எஞ்சின் தரும் முறுக்கு விசை 300 நியூட்டன் மீட்டர் என்க. முதல் கியர் அதனை ஏறத்தாழ மூன்றரை மடங்காக்குகிறது. அது 1,050 ஆகிறது. அடுத்து கிரவுன் பினியன் நான்கு மடங்காக்குகிறது, 4,200 ஆகிறது. ஆகவே எஞ்சினில் 100 கூட்டினால் ஆக்சில்களின் மேல் 1,400 கூடுகிறது. எஞ்சினில் சிறிதாகத் தோன்றும் மாற்றம் கடைசியில் பெருஞ்சுமையாக வந்து நிற்கிறது.

இதுவும் சீராக ஓட்டும்போது மட்டுமே. எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டுக் கிளட்ச் மிதியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், சுழலும் கனத்த ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் ஒரே அடியாகக் கியர் பற்களின் மேல் விழுகிறது. ஆணியை விரலால் அழுத்துவதற்கும் சுத்தியலால் அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அந்த அடி எங்கே போய்ச் சேருகிறது என்பது டயர்களையும் பொறுத்தது. இரு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் காரில் டயர்கள் வழுக்கிச் சுழன்று அடியைத் தணித்துவிடும். நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றி இழுக்கும் காரில் அவ்வாறு வழுக்குவது அரிது.

ஜப்பானின் சுபாரு இம்ப்ரெஸா இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு மாடலாக வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். கார் 227 குதிரைத்திறனும் ஐந்து கியர்களும் கொண்டது. நான்கு சக்கரங்களும் இழுப்பவை. ஆற்றலைக் கூட்டி, நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பும் பழக்கமுடையோர் கையில் அதன் கியர் பற்கள் உடைவது அக்கார்ப் பிரியர்கள் நன்கறிந்த செய்தி. 2004ஆம் ஆண்டு மாடலாக 300 குதிரைத்திறன் கொண்ட எஸ்.டி.ஐ. அங்கு வந்தபோது, அதே கியர் பெட்டியை நிறுவனம் வைக்கவில்லை. கனமும் உறுதியும் மிக்க ஆறு கியர் பெட்டியை அமைத்தது. எஞ்சின் வளர்ந்தால் அதன் பின்னுள்ளவையும் வளர வேண்டும் என்பதைச் செய்தவர்களே காட்டிவிட்டனர்.

இரும்பும் சோர்வடையும்

"நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது!" என்று சிலர் வியப்பர். இதற்கான விடையைத் தேடத் தூண்டியவை இரயில் அச்சுகள். 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சேயிலிருந்து பாரிசுக்குச் சென்ற இரயிலின் எஞ்சினில் அச்சு ஒன்று முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர், ஜெர்மானிய இரயில்வே பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர் 1850, 1860களில் பல்லாண்டுகள் சோதனை செய்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும், பல இலட்சம் முறை திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறித்துவிடும். சுமை கூடக் கூட, தாங்கும் தடவைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறையும். இதுவே உலோகச் சோர்வு.

கியர் பல்லின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று தோன்றுகிறது. ஒவ்வொரு அடிக்கும் அது சிறிது வளர்கிறது. கடைசி அடி சிறியதாகவே இருக்கலாம். பழி மட்டும் அதன்மேல் விழுகிறது.

எனவே, "இந்தக் கியர் பெட்டி எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணால் விடை கூற இயலாது. எவ்வளவு விசை, எத்தனை முறை, எவ்வளவு திடீரென்று என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பலவீனம் இடம் மாறும்

விசை மிகும்போது பெரும்பாலும் முதலில் வழுக்குவது கிளட்ச். அதனைக் குறையென்று கருதி உறுதியான கிளட்ச்சைப் பொருத்துவர். ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் காவலையே அந்த வழுக்கல் செய்து வந்தது. அதை நீக்கியதும் அடி கியர் பெட்டிக்குச் செல்கிறது. கியர் பெட்டியை மாற்றினால் ஆக்சில் முறிகிறது. சங்கிலியின் ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் மற்றொரு கண்ணி மெலிந்ததாகிவிடுகிறது.

தேர்ந்த பொறியியலாளர் கீழ்க் கியர்களில் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பார். கியர் எண்ணெயை மாற்றும்போது இரும்புத் துகள்கள் உள்ளனவா என்று பார்ப்பார். பிரேக்கும் புதிய வேகத்துக்கு ஏற்றதா என்று சோதிப்பார். பழைய கார் வாங்கும் பெற்றோர்களும், அதன் எஞ்சினில் முன்பு மாற்றம் செய்யப்பட்டதா என்று கேட்பது நலம். மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கியிருக்கலாம். உள்ளே வளர்ந்த கீறலை எவராலும் நீக்க இயலாது.

தொழிற்சாலை வைக்கும் உபரி வலிமை எதிர்பாராத குழிக்கும், ஓட்டுவோரின் தவறுக்கும், நீண்ட ஆண்டுகளுக்கும் உரியது. அதனை வேகத்துக்காக இன்றே செலவழித்துவிட்டால், ஆபத்து வேளையில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது.