பெட்டிக்குள் கிடந்த கோடைக்காலம்

1969-ம் வருஷத்துக் கோடையில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இரண்டு சங்கீத விழாக்கள் நடந்தன. ஒன்று, உலகமறிந்த உட்ஸ்டாக். பெத்தேல் என்ற சிற்றூரில், பால்பண்ணைக்காரர் ஒருவரின் வயலில், மழையிலும் சேற்றிலும் லட்சக்கணக்கான வாலிபர்கள் கூடினார்கள். பெரியோர் வகுத்த வாழ்க்கையையும் வியத்நாம் யுத்தத்தையும் ஒருங்கே வெறுத்த தலைமுறை அது. (கோயமுத்தூர்ப் பக்கத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் முதல் நாள் அம்மேடையில் அமர்ந்து பேசினார் என்பது நம்மவர்க்கு ருசிக்கும் சங்கதி.)

மற்றொன்று நியூயார்க் நகரத்திலேயே, கறுப்பு மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெமில், ஒரு பூங்காவில் நடந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்; அனுமதி இலவசம். நீனா சிமோன், ஸ்டீவி வொண்டர், மஹாலியா ஜாக்ஸன் முதலிய மகா வித்வான்கள் பாடினார்கள். வந்தவர்கள் மொத்தம் 3 லட்சம் பேர் என்பது மதிப்பு.

இரண்டையும் படம் பிடித்தார்கள். மைக்கேல் வாட்லி எடுத்த 'உட்ஸ்டாக்' டாக்குமெண்டரி 1970-ல் வெளிவந்து ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஹார்லெமில் படம் பிடித்தவர் ஹால் டல்சின். விளக்குப் போடக் கையில் பணமில்லை. ஆகவே சூரிய வெளிச்சம் விழும்படி மேடையை மேற்கு நோக்கி அமைத்தார்கள்! சுமார் 40 மணி நேரப் பதிவு. 'கறுப்பர்களின் உட்ஸ்டாக்' என்று பெயர் சூட்டியும் விற்றுப் பார்த்தார். முழுநீளப் படமாக்க முன்வருவாரில்லை. ஓரிரு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளோடு சரி. பிறகு பெட்டிகள் நிலவறைக்குள் சென்று ஏறத்தாழ ஐம்பது வருஷம் கிடந்தன.

'உட்ஸ்டாக்' படம் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. அதில் ரிச்சி ஹேவன்ஸ் இருக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இருக்கிறார். ஆனால் புல்தரையில் தெரியும் முகங்களிற் பெரும்பாலானவை வெள்ளை முகங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு படம் இல்லாதபோது, அக்காலத்துக் கலகமும் கானமும் நீண்ட முடி வளர்த்த வெள்ளை இளைஞர்களின் சொத்து என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள். வேறெப்படி எண்ணுவார்கள்? ஸ்லை ஸ்டோனின் குழுவில் கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லாரும் உண்டு. அக்குழு அதே கோடையில் இரண்டு மேடைகளிலும் வாசித்தது. ஒரு கச்சேரியை உலகம் கண்டது. மற்றது பூட்டிக் கிடந்தது.

அப்பெட்டிகளைத் திறந்து 'சம்மர் ஆப் ஸோல்' என்ற படத்தை 2021-ல் அளித்தவர் குவெஸ்ட்லவ் என்னும் தாளவாத்தியக் கலைஞர். மனிதன் சந்திரனில் கால் வைத்த ஜூலை 20-ந் தேதி அங்கே கச்சேரி நடந்துகொண்டிருந்தது. நிருபர் கேட்கிறார், அந்தப் பணத்தில் ஏழைகளின் பசியைத் தீர்த்திருக்கலாமே என்கிறார்கள் ஜனங்கள். வேறு எந்தப் படத்தில் இந்தப் பதிலைக் கேட்டோம்? அயல் தெருக்களில் வாழ்ந்த ஸ்பானிய மொழிக்காரர்களின் வாத்தியத்துக்கும் படத்தில் இடமிருக்கிறது. சிறு பிள்ளையாக அவ்விழாவுக்குப் போயிருந்த ஒருவர், பழைய காட்சிகளைக் கண்டு கண் கலங்குகிறார். யாரும் பேசாத அந்த விழா உண்மையில் நடந்ததா, தாம் கண்ட கனவா என்று இத்தனை வருஷமும் அவருக்கே சந்தேகம்!

2022-ல் இப்படத்துக்கும் ஆஸ்கார் கிடைத்தது. எனக்கு ஒரு குறை உண்டு. பாட்டு உச்சத்துக்கு ஏறும் சமயத்தில் யாராவது வந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். படமோ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பாக்கி 38 மணி நேரத்தை எப்போது காட்டப் போகிறார்கள்?