கடலடி வடமும் பிள்ளைகளின் கைப்பேசியும்

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்படும் வரை, செயற்கைக்கோள் வழியே வந்த சிறிதளவு இணையத்தையே தீவுமக்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். தமிழ்நாட்டுப் பெற்றோருக்குப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் பழகிய இணையம், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரின் பெற்றோருக்கு, பள்ளிகள் மூடியிருந்த கொரோனா காலத்தில், பிள்ளைகளின் கைவழியாக ஒரே வீச்சில் வந்து சேர்ந்தது. பிள்ளையின் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்ற கேள்வி அங்கே கூடுதல் கவலையோடு எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்காணிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற வசதிகள், எந்தச் செயலியைப் பிள்ளை பயன்படுத்தலாம், எத்தனை மணி நேரம் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கின்றனவே தவிர, செய்திகளைப் படித்துக் காட்டுவதில்லை. வாட்ஸ்அப் செய்திகளோ, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையிலுள்ள நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி பூட்டப்படும் முனைக்குமுனை மறையாக்க முறையில் 2016 முதல் செல்கின்றன. ஆகவே அவற்றைப் படிக்க விரும்புபவர் பிள்ளையின் கைப்பேசியையே திறக்க வேண்டும், அல்லது அதில் ஒற்றுச் செயலி ஒன்றை நிறுவ வேண்டும். அத்தகைய செயலி திரட்டும் தகவல் பெற்றோரிடம் மட்டும் தங்குவதில்லை. டீன்சேஃப் என்ற அமெரிக்கக் கண்காணிப்புச் செயலியின் வழங்கிகள் பாதுகாப்பின்றித் திறந்துகிடந்ததால், பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்கள் எவரும் படிக்கக்கூடிய எழுத்தில் வெளிப்பட்ட செய்தி 2018 மே மாதம் தெரியவந்தது.

படித்தாலும் எவ்வளவு தெரியும் என்பது அடுத்த கேள்வி. வீட்டில் தமிழ் பேசும் தீவுப் பிள்ளைக்குப் பள்ளியிலும் கடைத்தெருவிலும் பொதுமொழி இந்தி. நண்பர்களுக்கு எழுதுவது ஆங்கில எழுத்தில் சுருக்கிய இந்தி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் அந்தத் திரையைத் திறந்தால் எழுத்துகள் தெரியும், பேச்சு புரியாது. 24 மணி நேரத்தில் மறையும் செய்திகளும் ஒருமுறை பார்த்ததும் அழியும் படங்களும் அதற்குள் போயிருக்கும். எஞ்சியிருப்பவற்றில் வசவும் கேலியும் முதலில் கண்ணில் படும். உண்மையான ஆபத்தோ இனிய சொற்களோடு தொடங்குகிறது. முன்பின் அறியாதவர் பாராட்டி, ஆறுதல் சொல்லி, வீட்டாருக்கு உன்னைப் புரியவில்லை என்று பிரித்து, வேறொரு செயலிக்கு அழைத்து, ஒரு படத்தைக் கேட்டு வாங்கி, பின்னர் அதைக் காட்டியே மிரட்டும் இந்தப் படிப்படியான வசப்படுத்தலைக் குரூமிங் என்பர். மிரட்டுபவரின் முழு வலிமையும், வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பிள்ளையின் அச்சத்தில்தான் இருக்கிறது. மறைவாகப் படிக்கும் பெற்றோர் அந்த அச்சத்தையே வளர்க்கின்றனர் என்பதால், பத்து வயதுப் பிள்ளையின் கைப்பேசியைப் பிள்ளை அறியவே பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதும், வயது ஏற ஏற அந்தப் பார்வையைத் தளர்த்துவதுமே பாதுகாப்பான வழி.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருவதோடு, சிறாரின் நடத்தையை நிறுவனங்கள் பின்தொடர்வதையும் தடுக்கிறது. குடும்பத்துக்குள் பெற்றோர் செய்வதை அது தொடவில்லை. வீட்டுக்குள் எல்லை வகுக்கும் பொறுப்பு பெற்றோரிடமே விடப்பட்டுள்ளது.

மிரட்டல் வந்துவிட்டதெனப் பிள்ளை சொல்லும் வேளையில் கைப்பேசியைப் பறித்து உரையாடலை அழிப்பது சான்றை அழிப்பதாகிவிடும். 1098 என்ற சிறார் உதவி எண்ணிலும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் அழைக்கலாம். ஆலோசனை கேட்கவென்று மிரட்டலுக்குப் பயன்படும் படத்தை உறவினருக்கு அனுப்பவே கூடாது; சிறாரின் பாலியல் படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறு தீவில் காவல் நிலையப் படி ஏறக் குடும்பங்கள் கூசுவது இயல்பே. ஆனால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ பதிய வேண்டும் என்றும், பதியும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்றும் கூறுகிறது.