பண்டித ரமாபாயும் முக்தி ஸதனமும்

பண்டித ரமாபாய் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவரில் ஒரு சாரார் கை கூப்புகின்றனர். மற்றொரு சாரார் முகஞ் சுளிக்கின்றனர். கை கூப்புவோர் அவ்வம்மையாரின் ஸம்ஸ்கிருதப் புலமையையும் ஸ்திரீ கல்வித் தொண்டையும் புகழ்ந்துவிட்டு, அவர் கிறிஸ்து மதத்தைத் தழுவிய விஷயத்தைக் குடும்பத்து ரகஸியம்போல் மென்று விழுங்கிவிடுவர். முகஞ் சுளிப்போரோ மத மாற்றம் ஒன்றையே பிரஸ்தாபித்து மற்றதையெல்லாம் மறைத்துவிடுவர். இரண்டும் நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம். அவருடைய விசுவாசத்தை நீக்கிவிட்டு அவருடைய தொண்டை மட்டும் எடுத்துக்கொள்வதென்பது, வேரை வெட்டிவிட்டுக் கனியைக் கேட்பதாகும்.

ரமாபாய் 1858ம் வருஷத்தில் பிறந்தவர். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே வைதிகப் பண்டிதர். எனினும் தம் மனைவிக்கு ஸம்ஸ்கிருதம் கற்பித்த குற்றத்திற்காக ஸ்வஜாதியாரின் பகைமைக்கு ஆளானவர். அக்குடும்பம் க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்று புராணம் வாசித்துக் காலங் கழித்தது. அந்த யாத்திரையில்தான், 1874ல் உண்டான பஞ்சத்தில், தந்தையும் தாயும் ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். பிறகு ரமாபாயும் தமையனும் பெரும்பாலும் கால்நடையாகவே தேசத்தைச் சுற்றி 1878ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வங்கப் பண்டிதர்கள் அவரைப் பரீக்ஷித்து, ‘ஸரஸ்வதி’ என்ற பட்டமளித்துக் கௌரவித்தனர். 1880ல் தமையன் இறந்தார். அவ்வருஷமே வேற்று ஜாதியினரான ஒரு வங்க வக்கீலை மணந்தார். 1882ல் வாந்திபேதி அவரையுங் கொண்டுபோயிற்று. கைக்குழந்தையோடு விதவையானபோது ரமாபாய்க்கு வயது இருபத்துமூன்று.

நிற்க. அவர் கிறிஸ்தவரானதற்குக் காரணம் யாது? சோற்றுக்கும் துணிக்கும் மதம் மாறியவர் என்று அவரைச் சொல்ல விரோதிகளுக்கும் நா எழாது. 1883ல் இங்கிலாந்து சென்று வாண்டேஜ் நகரத்துக் கன்னிகா மடத்தாருடன் தங்கியிருந்தபோது, லண்டனில் புல்ஹாம் என்ற பகுதியில் அம்மடத்தார் நடத்திவந்த விடுதியைப் பார்க்க அவரை அனுப்பினார்கள். வழி தவறிக் கெட்டுப்போனவர்கள் என்று உலகத்தாரால் ஒதுக்கப்பட்ட ஸ்திரீகள் வாழ்ந்த விடுதி அது. அங்கே அவர் கண்டது தண்டனையன்று. முன்னர் அந்நிலையில் இருந்தவர்களே மனந்தேறி, நோயாளிகளுக்கும் தங்களைப்போல் விழுந்த மற்றவர்களுக்கும் பணிவிடை செய்துகொண்டிருந்தார்கள். இதன் காரணத்தை அவர் வினவவே, ஒரு கன்னிகை யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை, கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணோடு கிறிஸ்து பேசிய வரலாற்றை, வாசித்துக் காட்டினார். ஐந்து புருஷர்களோடு வாழ்ந்தவளென்று ஊரார் இகழ்ந்தவளிடம் கிறிஸ்து தண்ணீர் கேட்டு வாங்க நின்றார். அவளிடமே ஞானத்தையும் உபதேசித்தார். சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்த ரமாபாய்க்கு இது புதிதாயிருந்தது. அவ்வருஷம் செப்டம்பர் 29ந் தேதி ஞானஸ்நானம் பெற்றார்.

ஆனால் அவர் வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கு அடிமைப்பட்டவரல்லர் என்பதை நம் தேசாபிமானிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்ளாமல் கடிதத்துக்குக் கடிதம் வாதாடினார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, ஸம்ஸ்கிருத எழுத்தைப் பொறித்தால் என்ன என்றார். கடைசிவரை வெள்ளைப் புடவையையும் மரக்கறி உணவையும் விடவில்லை. 1889ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குப் பிரதிநிதியாய்ச் சென்ற சில ஸ்திரீகளில் அவரும் ஒருவர். 1897ல் பூனாவில் பிளேக் நோயின்போது, ஆஸ்பத்திரியிலும் முகாமிலும் ஸ்திரீகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். அதிகார வர்க்கத்தார் மறுத்தார்கள், அவர் பின்வாங்கவில்லை.

1889 மார்ச் 11ந் தேதி பம்பாயில் அவர் ஆரம்பித்த சாரதா ஸதனம், அமெரிக்க நண்பர்களின் பொருளுதவியோடு உயர் குல விதவைகளுக்காக ஏற்பட்டது; மறு வருஷம் பூனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே மதபோதனை செய்வதில்லை என்பது ஏற்பாடு. அம்மையார் தம் சொந்த ஜெபத்தைக் கதவைத் திறந்துவைத்துச் செய்தார். சில பெண்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். லோகமான்ய திலகரின் ‘கேஸரி’ இதைக் கடுமையாகத் தாக்கிற்று. 1893ல் ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைச் சபையினின்று விலகினர். பல பெண்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார்கள். ஒப்பந்தத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆயினும், நம்பிப் பெண்ணை விட்டவர்கள் மனங் கலங்கியதில் தவறு காண இயலாது. அவர்களை மட்டும் நாம் குறை கூறோம். ஸதனத்தைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் ஒரு விதவைக்கேனும் தம் வீட்டுக் கதவைத் திறந்தனர் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். திறந்தவர் ஒருவர் உண்டு. சாரதா ஸதனத்தின் முதல் விதவை மாணவியான கோதுபாயை 1893ல் மணந்து, 1896ல் விதவைகளுக்குத் தனி விடுதி அமைத்து, 1916ல் ஸ்திரீகளின் ஸர்வகலாசாலைக்கே வித்திட்ட கார்வே அவர்கள் ஹிந்துவாகவே இருந்து அதைச் செய்தார். ரமாபாய் ஏற்றிய விளக்கிலிருந்தே அவ்வீட்டுக்கு வெளிச்சம் சென்றது என்பதை மறுப்பாரில்லை.

1896-97ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவிற்று. தாமே பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவரால் சும்மா இருக்கக்கூடுமோ? அங்கே சென்று, பசியால் எலும்பாய்ப்போன சிறுமிகளையும் இளம் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் திரட்டிக்கொண்டு வந்தார். பட்டினிப் பெண்களைத் தரகர்கள் மலிவாக வாங்கிக்கொண்டு போன காலம் அது. பூனாவுக்குக் கிழக்கே கேட்காவ் என்ற ஊரில் முன்னரே வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியேற்றினார். அதுவே முக்தி ஸதனமாயிற்று. வேதாந்திகளின் சொல்லைத்தான் அந்தக் கிறிஸ்தவ அம்மையார் தம் வீட்டுக்குப் பெயராக வைத்தார்! 1900ல் குஜராத்துப் பஞ்சத்தின் பின் அங்கே 1,500 பேருக்கு மேல் இருந்தனர்.

அத்தனை பேருக்கும் சோறிட்டதோடு அவர் நிற்கவில்லை. நெசவு, தையல், எண்ணெயாட்டுதல், பால் பண்ணை, தோட்டம், அச்சுக்கூடம் இவையெல்லாம் பெண்களின் கையிலேயே நடந்தன. கண் தெரியாதவர்களுக்குத் தடவிப் படிக்கும் எழுத்துக் கற்பிக்கப்பட்டது. ஸமூகம் ‘விழுந்தவர்கள்’ என்று தள்ளியவர்களுக்கு ‘கிருபா ஸதனம்’ என்று தனி விடுதி எழுந்தது. புல்ஹாமில் கண்டதை அவர் மறக்கவில்லை. பாவி என்று முத்திரையிடப்பட்டவளைப் பார்த்து, ‘உன் கதை முடியவில்லை’ என்று சொல்லும் நம்பிக்கை ஒன்றிருந்தாலொழிய, அத்தகையவளிடம் எண்ணெய்ச் செக்கையும் கணக்குப் புஸ்தகத்தையும் ஒப்படைக்க யாருக்குத் துணிவு வரும்? தர்ம ஸ்தாபனங்களில் கஞ்சி கிடைப்பது எளிது. சாவிக்கொத்துக் கிடைப்பது அரிது.

ஒரு ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது. பஞ்சத்தில் அகப்பட்ட சிறுமிக்கு மதத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் எவ்வளவு? அதிகமில்லை என்றே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தெருவில் அவளுக்கு இருந்த சுதந்திரம் எது? இக்கேள்விக்குக் கண்டன மகாநாடுகள் விடை தந்ததில்லை. நம் சென்னையில் 1912ல் ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி அம்மாள் இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய பணியும், பின்னர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியாரின் ஔவை இல்லமும் விடை தந்தன. அதுவே தக்க பதில். கேட்காவ் ஸதனம் இன்றும் நடந்துவருகிறது. அதனோடு போட்டியிட விரும்புவோருக்கு இடம் நிறைய இருக்கிறது.

அம்மையார் தம் கடைசிக் காலத்தில், மூலபாஷைகளைக் கற்று, பாமரப் பெண்களும் படிக்கத்தக்க எளிய மராத்தியில் பைபிளை மொழிபெயர்த்தார். 1921ல் ஒரே மகள் மனோரமா இறந்தபின்னும் வேலையை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5ந் தேதி காலமானார். நூல் முழுமையாக 1924ல் வெளிவந்தது. அதை அச்சிட்டவர்கள் முக்தி ஸதனத்துப் பெண்களே.