திருப்புளிக்கு முன் திறன்பேசி

கடந்த ஆண்டு படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறிவியல் கூடத்துக்கு வந்தாள். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை திடீரென்று அணைந்துவிடுகிறதாம். சிறிது நேரத்தில் மறுபடி வருகிறதாம். கடையில் காட்டியதற்கு, "திரையை மாற்ற வேண்டும், நானூறு ரிங்கிட் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளை என் முன்னாலேயே தட்டச்சு செய்யச் சொன்னேன். இடது மணிக்கட்டு விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடும்போது மட்டும் திரை அணைந்தது. என் திறன்பேசியில் காந்தப்புலத்தை அளக்கும் செயலியைத் திறந்து அவள் கைக்கு அருகே கொண்டுபோனேன். 40 மைக்ரோடெஸ்லாவைச் சுற்றி நின்ற எண், சட்டென்று பல நூறுக்கு ஏறியது. அவள் அணிந்திருந்த கைக்கடிகாரத்தின் பட்டை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அதன் பிறகு திரை அணையவே இல்லை.

காரணம் இதுதான். பல மடிக்கணினிகளின் மூடியில் ஒரு சிறு காந்தமும், அடிப்பாகத்தில் ஹால் உணரி ஒன்றும் இருக்கும். மூடியை மூடும்போது காந்தம் உணரிக்கு அருகே வரும். உடனே கணினி திரையை அணைத்து உறக்க நிலைக்குப் போகும். 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டறிந்த விளைவின் பயன் இது. மாணவியின் கடிகாரக் காந்தத்தை, மூடியின் காந்தம் என்று உணரி நம்பிவிட்டது. கணினியில் பழுதே இல்லை.

மாணவர்களே, கணினி பழுதுபார்ப்பவர்களுக்குப் பயன்படும் செயலிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெயர்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒரு கேள்வியை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தச் செயலி எந்த உணரியைக் கொண்டு அளக்கிறது? செயலி என்பது வெறும் முகப்பு. அளப்பது திறன்பேசிக்குள் இருக்கும் காந்தமானி, ஒலிவாங்கி, வானொலி அலைவாங்கி, கேமரா ஆகியவைதான். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, இந்த உணரிகளில் பலவற்றை ஒரே இடத்தில் திறந்து காட்டுகிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது இயங்கும்.

காதால் கேட்பதை எண்ணாக மாற்றலாம்

"கணினி சத்தம் போடுகிறது" என்பது புகார். "350 ஹெர்ட்ஸில் சத்தம் போடுகிறது" என்பது துப்பு. ஒலி நிறமாலையைக் காட்டும் செயலி, ஒலிவாங்கியில் விழும் கலவையான ஒலியைத் தனித்தனி அலைவெண்களாகப் பிரித்து வரைபடமாகத் தருகிறது. இதற்கு அடிப்படையான கணிதத்தைத் தந்தவர் ஃபூரியர். வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1822இல் அவர் எழுதிய நூலில் பிறந்த வழிமுறை, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

ஒரு விசிறி நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அதற்கு 7 இதழ்கள் இருந்தால் 50 × 7 = 350 ஹெர்ட்ஸில் வரைபடத்தில் ஒரு முகடு தெரியும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு 90 ஹெர்ட்ஸிலும், 7,200 முறை சுழல்வது 120 ஹெர்ட்ஸிலும் அதிரும். ஆகவே முகடு நிற்கும் இடத்தைப் பார்த்தே, சத்தம் விசிறியிலிருந்து வருகிறதா, வன்தட்டிலிருந்து வருகிறதா என்று ஊகிக்கலாம். விசிறி என்றால் தூசி தட்டினால் போதுமானதாக இருக்கலாம். வன்தட்டு "டிக், டிக்" என்று சொடுக்கத் தொடங்கினால் நிலைமை வேறு. முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுப்பது.

சில கணினிகள் தம் நோயைத் தாமே சொல்லும். லெனோவோவின் திங்க்பேட் மடிக்கணினிகள் சில, இயங்கத் தொடங்க முடியாதபோது சிறு இசை போன்ற ஒலித்தொடரை எழுப்பும். அந்நிறுவனத்தின் செயலியைத் திறந்து திறன்பேசியை அருகே வைத்தால், அது ஒலியைக் கேட்டுப் பழுதுக் குறியீட்டை எழுத்தில் காட்டும். திரையே வேலை செய்யாத கணினியோடு பேச இது நல்ல வழி.

கண்ணுக்குத் தெரியாத அலைகள்

"இணையம் மெதுவாக இருக்கிறது" என்பது பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார். இங்கே வைஃபை பகுப்பாய்வுச் செயலி உதவும். அது சமிக்ஞையின் வலிமையை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு காட்டும். -40 என்றால் மிக நன்று. -80 என்றால் மோசம். வேறுபாடு இரண்டு மடங்குதானே என்று எண்ணிவிடாதீர்கள். இது மடக்கை அளவுகோல். ஒவ்வொரு 10 குறையும்போதும் திறன் பத்தில் ஒரு பங்காகிறது. -40இலிருந்து -80க்குப் போனால், கிடைக்கும் திறன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைவரிசைகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஆனால் ஒவ்வொரு சமிக்ஞையும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. அதனால் அடுத்தடுத்த அலைவரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடாதவை. பக்கத்து வீடுகள் எல்லாம் 6இல் கூடியிருப்பதைச் செயலி காட்டினால், உங்கள் ரவுட்டரை 1க்கோ 11க்கோ மாற்றிப் பார்க்கலாம். ஐபோனில் இத்தகைய செயலிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியில் உள்ள வைஃபை வருடும் வசதியைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது ஃபிங் போன்ற வலையமைப்புச் செயலிகள். இவற்றில் உள்ள "பிங்" சோதனை, ஒரு சிறு தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆனது என்று அளக்கிறது. அனுபவமுள்ளவர்கள் இதைப் படிப்படியாகச் செய்வார்கள். முதலில் ரவுட்டரைப் பிங் செய்வார்கள். பதில் இல்லையென்றால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே. பதில் வந்தால் 8.8.8.8 என்ற முகவரி. அது கூகலின் பொதுச் சேவையகம். அங்கிருந்தும் பதில் வந்து, இணையத்தளப் பெயரைக் கொடுத்தால் மட்டும் வராவிட்டால், பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில்தான் கோளாறு. மூன்றே சோதனைகளில் பழுதின் இடம் தெரிந்துவிடுகிறது.

இங்கே திறன்பேசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதே இடத்தில், அதே வைஃபையில் திறன்பேசி நன்றாக இயங்கிக் கணினி மட்டும் தடுமாறினால், பழுது பெரும்பாலும் கணினியில்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறியும் கட்டுப்படுத்தப்பட்ட மாறியும் நினைவிருக்கிறதா? இடம், நேரம், வைஃபை ஆகியவற்றை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றுகிறீர்கள். இதுவும் ஓர் அறிவியல் சோதனைதான்.

மறக்காத கண்

கேமராதான் மிக எளிய கருவி. பலர் மறப்பதும் அதைத்தான். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்ற சந்தேகம் பின்னர் வராது. தாய்ப்பலகையில் உள்ள பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிக்கலாம். மின்தேக்கியின் தலை உப்பியிருப்பதையும் படத்தில் கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் 10இல் நீலத்திரை வந்தால், அதிலுள்ள பிழைப் பெயரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினி மறுதொடக்கமாகி அந்தத் திரை மறைந்தாலும் துப்பு உங்களிடம் இருக்கும்.

எதை நம்பக்கூடாது?

இப்போது நம் கேள்வியை மறுபடி கேட்போம். "வெப்பக் கேமரா" என்று சொல்லிக்கொள்ளும் ஒரு செயலி, படத்தில் சிவப்பும் மஞ்சளும் காட்டுகிறது. எந்த உணரி? சாதாரணக் கேமராவால் கணினியின் வெப்பக் கதிர்களைப் பார்க்க முடியாது. அது வெறும் நிறப்பூச்சு. உண்மையான வெப்பப்படம் வேண்டுமென்றால், திறன்பேசியில் பொருத்தும் தனிக் கருவியோ, அந்த உணரி உள்ளேயே அமைந்த திறன்பேசியோ வேண்டும். அதேபோல், மின்னழுத்தத்தை அளக்கும் உணரி திறன்பேசியில் இல்லை. அதற்குப் பல்மானி வேண்டும். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் வேண்டும்.

கணினியின் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகளில் அதைவிட உயர்ந்த மின்னழுத்தம், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். அங்கே தேவைப்படுவது செயலி அல்ல, பயிற்சி பெற்ற கை.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற செயலிகளும் இத்தொழிலில் பயன்படுகின்றன. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கணினியில் கிருமி இருக்கிறது, இதைப் பதிவிறக்குங்கள்" என்றால் உடனே துண்டித்துவிடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். நீங்களும் உங்கள் வீட்டு வலையமைப்பை மட்டுமே ஆராயுங்கள். பிறருடையதைத் துழாவுவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

இந்த வாரம் செய்து பாருங்கள். உங்கள் கணினி நலமாக இருக்கும்போதே அதன் விசிறி ஒலியின் முகடு எங்கே நிற்கிறது, நீங்கள் படிக்கும் மேசையில் வைஃபை வலிமை எவ்வளவு, ரவுட்டரிலிருந்து பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று மூன்றையும் அளந்து, தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால், ஒப்பிட உங்களிடம் எண்கள் இருக்கும். கடைக்குப் போக வேண்டியிருந்தாலும் அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லும்போது, ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.