ஒரு பெயர், பல பொறிகள்

துறைமுகத்தில் இறக்கப்படும் இரும்புக் கொள்கலனை எக்கப்பலும் சுமக்கும், எப்பாரந்தூக்கியும் தூக்கும். உள்ளிருக்கும் பண்டம் யாதென அவை வினவுவதில்லை. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் இவ்வுவமையையே தன் சின்னமாகக் கொண்டது. ஒரு செய்நிரலையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒருங்கே கட்டிப் ‘படிமம்’ ஆக்கிவிட்டால், அஃது எங்கும் ஒரே வண்ணம் இயங்கும் என்பர். அக்கூற்று முற்றும் மெய்யன்று. அதன் குறையையும், குறை தீர்க்கும் வழியையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

படிமத்தினுள் இருப்பது பொறிமொழி. 1978இல் இன்டெல் 8086உடன் தோன்றிய முறைவழியாக்கிக் குடும்பம் ஒன்று. 1985இல் கேம்பிரிட்ஜ் நகரின் ஏக்கோண் நிறுவனத்தார் உருவாக்கிய ஆர்ம் குடும்பம் மற்றொன்று. ஒன்றின் அறிவுறுத்தல்கள் மற்றதற்கு விளங்கா. நெடுங்காலம் சேவையகங்களிற் பெரும்பாலானவை முன்னைய குடும்பத்தையே சார்ந்திருந்தமையால் இவ்வேற்றுமை பலர் கண்ணிற் படவில்லை. 2012இல் றாஸ்பெரி பை, 2018இல் அமேசனின் கிராவிற்றன், 2020இல் அப்பிளின் எம்1 எனப் பிந்தியவை பெருகவே, ஒரு பொறியிற் கட்டிய படிமம் மறுபொறியில் ‘எக்ஸெக் போமற் எறர்’ என்று கூறி நின்றுவிடலாயிற்று.

நாமும் இதனைப் பட்டறிந்தோம். இருவகைப் பொறிகளிலும் தனித்தனியே படிமங் கட்டி, இரண்டையும் ஒரே பெயரிற் களஞ்சியத்துக்கு அனுப்பினோம். பின்னது முன்னதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மறுநாட் காலை புதிய படிமத்தைப் பெற்ற பொறிகளுட் பாதி வாளாவிருந்தன. பிழை எம்முடையதே: ஒரு பெயர் ஒரு படிமத்தை மாத்திரமே சுட்டும் என்பதை மறந்தோம்.

இதற்கு மருந்து ‘படிமச் சுட்டி’ எனத்தக்க ஒரு சிறு பட்டியல். 2017இல் வெளியான திறந்த கொள்கலன் நியமம் இதனை வரையறுத்துள்ளது. பெயரானது பட்டியலைச் சுட்டும். பட்டியல், ஒவ்வொரு பொறிவகைக்கும் உரிய படிமத்தை அதன் கைரேகை போன்ற எண்கோவையாற் சுட்டும். கேட்கும் பொறி தனக்குரியதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்.

படிமங்களைக் கட்டும் வழிகள் மூன்று. முதலாவது, கியூஇஎம்யூ என்னும் மென்பொருளால் அயற்பொறியைப் போலி செய்தல். இஃது எளிது, ஆயின் மிக மந்தமானது. இரண்டாவது, அயற்பொறிக்குரிய பொறிமொழியைத் தன் பொறியிலேயே தொகுத்தல். கோ போன்ற மொழிகளுக்கு இது நன்கு பொருந்தும், சி மொழி நூலகங்களைச் சார்ந்தவற்றுக்குச் சிக்கலாகும். மூன்றாவது, அவ்வப் பொறியிலேயே கட்டிப் பின்னர் ஒருங்கிணைத்தல். செலவு கூடினும் உறுதியானது. 2019இல் வந்த பில்டெக்ஸ் என்னுங் கருவி மூன்றுக்கும் இடந்தருகின்றது.

இவற்றைக் கையாற் செய்யின் மறதி புகும். ஆதலின், மூலநிரல் திருத்தப்படுந்தோறும் பணி தானே தொடங்கவேண்டும். படிமங்கள் பெயரின்றி, எண்கோவையால் மாத்திரம் அனுப்பப்படவேண்டும். ஒவ்வொன்றும் தன் மெய்ப்பொறியிற் சோதிக்கப்படவேண்டும். அனைத்தும் தேறிய பின்னரே பட்டியல் எழுதிப் பெயர் சூட்டவேண்டும். ஒன்று தவறின் பழைய பெயர் பழையதையே சுட்டி நிற்கும். எவருடைய பணியும் தடைப்படாது.

பெயரிடுதலை இறுதியில் வைத்தலே இம்முறையின் உயிர்நாடி. ‘என் கணினியில் இயங்கிற்று’ என்பது சான்றாகாது. பெறுவோன் கணினியில் இயங்குதலே சான்றாகும். இத்துறையிற் புகவிருக்கும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.