தங்கம் வந்தது, தொகை வரவில்லை

டெல்லியில் 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் கோலாகலமாக நடந்தன. புது ஸ்டேடியங்கள், புது மேம்பாலங்கள், 'அப்பு' என்ற யானைக்குட்டிச் சின்னம், வீடுகளில் முதன்முதலாகக் கலர் டெலிவிஷன் என்று நாடே திருவிழாக் கோலம் பூண்டது. இந்தியாவுக்கு 13 தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. குத்துச்சண்டையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஹெவிவெயிட் பிரிவில் அதை வென்றவர் கவுர் சிங் என்ற ராணுவ வீரர்.

தேசிய கீதம் ஒலிக்க மேடையில் நின்ற அந்த மனிதர், 35 ஆண்டுகள் கழித்து வைத்தியச் செலவுக்காக 2 லட்ச ரூபாய் கடன் வாங்க வேண்டி வந்தது. இடையில் நடந்தது என்ன?

பட்டாளம் தந்த கையுறை

பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்தில் கனால் குர்த் என்பது அவருடைய கிராமம். விவசாயக் குடும்பம். 1971-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டே பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அவரும் போர்முனைக்குச் சென்றார்.

பள்ளிப் பருவத்தில் அவர் கையுறை மாட்டியவர் அல்ல. குத்துச்சண்டைப் பயிற்சியில் இறங்கியதே 1977-ல்தான். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் அவர் ஆரம்பப் பாடம் படித்தார். ஆனால் இரண்டே ஆண்டில், 1979-ல், தேசிய சாம்பியன் ஆனார். 1980-ல் நம் பம்பாயிலேயே நடந்த ஆசிய குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்றார்.

முகமது அலியின் எதிரே

அதே 1980 ஜனவரியில் உலகப் புகழ் முகமது அலி இந்தியா வந்திருந்தார். சென்னைக்கும் சென்றார். அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அலி மோதிய காட்சிப் போட்டியைப் பார்த்தவர்கள் அதை இன்றும் பேசுவார்கள்.

அதே பயணத்தில் டெல்லியில் அலிக்கு எதிரே காட்சிப் போட்டியில் நின்றவர் கவுர் சிங். கையுறை மாட்டி மூன்றாண்டுகூட ஆகாத ஒரு சிப்பாய், உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவருடன் மேடை ஏறினார். வெற்றி தோல்விக்கான போட்டி அல்ல அது. ஆனாலும் எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு!

அமெச்சூர் என்றால் என்ன?

அலி தொழில்முறை வீரர். ஒரே இரவில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவர். கவுர் சிங் அமெச்சூர் வீரர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்நாளைய அமெச்சூர் போட்டியில் மூன்று சுற்றுகள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். நடுவே ஒரு நிமிட ஓய்வு. கையுறையின் விரல் முட்டிப் பகுதியால், இடுப்புக்கு மேலே, முகத்திலும் உடலின் முன்பக்கத்திலும் விழும் குத்துக்கே மதிப்பு. மேடையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் ஐந்து பேர் தீர்ப்பளிப்பார்கள். எதிரியைக் கீழே சாய்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. சுத்தமான குத்துகள் அதிகம் யாருடையவை என்பதே கணக்கு.

போட்டியில் ஜெயித்தால் பதக்கம் உண்டு; பணமுடிப்பு கிடையாது. வீரர் அடி வாங்குவது தேசத்துக்காக. அவர் வயிற்றுப்பாட்டை வேலை கொடுத்த இலாகாவும், அரசாங்கம் தன் கையால் அறிவிக்கும் பரிசும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அமெச்சூர் வீரருக்கு அரசாங்கத்தின் வாக்கு ஒன்றே கூலி.

கவுர் சிங்குக்கு விருதுகளில் குறை இல்லை. 1982-ல் அர்ஜுனா விருது, 1983-ல் பத்மஸ்ரீ, 1988-ல் ராணுவத்தின் விசிஷ்ட சேவா பதக்கம். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார். அங்கே பதக்கம் கிட்டவில்லை. அத்துடன் கையுறையைக் கழற்றினார்.

நகராத பைல்

ஆசியப் போட்டித் தங்கத்துக்காக பஞ்சாப் அரசு அவருக்கு 1 லட்ச ரூபாய் அறிவித்திருந்தது. 1982-ல் ஒரு லட்சம் என்றால், குமாஸ்தா ஒருவர் பல வருஷச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் எட்டாத தொகை. நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், பிள்ளைகளைக் கரையேற்றலாம்.

அந்தப் பணம் வரவில்லை. முதலமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. பைல் மட்டும் நகரவில்லை. ஓய்வு பெற்ற வீரர் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். இதய நோய் வந்தது. 2017-ல் அவர் கடன் வாங்கிச் சிகிச்சை செய்துகொண்ட செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபோதுதான் நாட்டுக்கு அவர் நினைவு வந்தது. பழைய அறிவிப்பின் கதையும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

பிறகு உதவிகள் வந்தன. ராணுவம் கைகொடுத்தது. மத்திய விளையாட்டு அமைச்சகம் 5 லட்ச ரூபாய் வழங்கியது. நல்லதுதான். ஆனால் உரிய காலத்தில் வந்திருந்தால் அது பரிசு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்ததால் அது உதவித்தொகை. உரிமைக்கும் தயவுக்கும் உள்ள வேறுபாட்டை, அரியர்ஸுக்காக நடையாய் நடந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் அவர் வாழ்க்கை பஞ்சாபி மொழியில் திரைப்படமாக வந்தது. 2023-ல் பள்ளிப் பாடநூலில் அவரைப் பற்றிய பாடம் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி, குருக்ஷேத்திரத்தில் ஒரு மருத்துவமனையில் அவர் காலமானார்.

ஆசியப் போட்டிக் குத்துச்சண்டையில் அவருக்கு அடுத்த தங்கத்துக்கு இந்தியா 16 ஆண்டுகள் காத்திருந்தது. 1998-ல் பாங்காக்கில் மணிப்பூரின் டிங்கோ சிங் அதை வென்றார். அதற்குப் பின்னும் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பாராட்டு விழாவில் விழும் மாலை மறுநாளே வாடிவிடும். அந்த மாலையோடு அறிவிக்கும் தொகையை அந்த வாரமே வீரரின் கையில் சேர்ப்பதுதான் கவுர் சிங்குக்குச் செய்யும் உண்மையான மரியாதை.